ஜொகூரில், பிலிப்பைன்காரர் வாக்களித்த மாதம்

தம்பியைக் கையோடு அழைத்து வருவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கப்பலேறினேன். அவன் ஜொகூர் மராமத்து இலாகாவில் குமாஸ்தாவாகப் போய்ப் பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. மூன்று தடவை நீண்ட விடுமுறை கிடைத்தும் யாழ்ப்பாணத்துப் பக்கம் அவன் வரவில்லை. போன வருடம் எங்கள் தகப்பனாரான ஐயா இறந்தபோது அவனிடமிருந்து ஒரு தந்தி வந்தது, அவ்வளவுதான். "நீ நேரிலை போய்க் கேட்டால் மறுக்கமாட்டான்" என்று அம்மா நம்பினார். நான் பள்ளிக்கூடத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நாற்பத்தொரு வயதில் முதன்முதலாகக் கடல் கடந்தேன்.

சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட ரயில் கடலுக்குக் குறுக்கே போட்ட கல் அணைமேல் மெல்ல ஊர்ந்து ஜொகூர் பாருவில் என்னை இறக்கிவிட்டது. தம்பி மேடையில் நின்றான். முன் தலை ஏறியிருந்தது. சப்பாத்தும் காலுறையும் போட்டிருந்தான். என்னைக் கண்டதும் சிரித்தான், ஆனால் "பயணம் சுகமோ, அக்கா?" என்று அவன் கேட்ட விதம், வழியில் கண்ட ஒருவரைக் கேட்பதுபோல இருந்தது.

அவன் குடியிருந்த அரசாங்க வீடுகள் ஒரு மேட்டின்மேல் இருந்தன. ரிக்‌ஷா பாதி மேடு ஏறியதும் என் பெட்டியைக் கட்டியிருந்த கயிறு அறுந்துவிட்டது. பெட்டி விழுந்து வாயைப் பிளந்தது. அம்மா கட்டிக் கொடுத்த காய்ந்த பனங்கிழங்கு ஒடியலும் ஓலைக் குட்டானில் அடைத்த பனங்கட்டிகளும் சரிவில் உருண்டு ஓடின. சீன ரிக்‌ஷாக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கீழேயிருந்து குடையோடு ஏறி வந்த ஒரு பெண், குடையை மடக்கி வைத்துவிட்டு, பாவாடையை மடித்துப் பிடித்து அத்தனையையும் பொறுக்கினாள். உடைந்த பனங்கட்டி ஒன்றை மோந்து பார்த்தாள். என்னிடம் கேட்காமலே வாயில் போட்டுக்கொண்டாள். தங்கள் தீவிலும் இதே சுவையில் ஒன்று உண்டு என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவள்தான் பிலார், தம்பியின் அடுத்த வீட்டுக்காரி. கணவர் பெனித்தோ சுல்தான் அரண்மனை வாத்தியக் குழுவில் டிரம்பெட் ஊதுகிறவர். இருவரும் பிலிப்பைன் தீவுகளிலிருந்து வந்து இருபது வருடம் ஆகிறது.

சாப்பாடுதான் முதல் இரண்டு நாளும் என்னைப் படுத்தியது. தம்பியின் சமையற்காரர் எதைச் செய்தாலும் அதில் இறால் புளித்த வாசனை இருந்தது. அந்த வாசனைக்குப் பெயர் பிளாச்சான் என்றான் தம்பி. சைவ வீட்டில் பிறந்தவன், அதைக் கரண்டியும் முள்ளுக்கரண்டியுமாக எடுத்துத் தின்றான். நான் வாழைப்பழமும் சோறும் தயிரும் கேட்டேன். தயிருக்கு ஊரில் ஒரு தமிழ்ப் பால்காரரைத் தேடிப் போக வேண்டியிருந்தது. கடைசியில் பிலார்தான் காப்பாற்றினாள். தேங்காய்ப் பாலில் வேகவைத்த பிசுபிசுத்த அரிசியை இலையில் சுற்றி ஒரு பலகாரம் கொண்டுவந்தாள். எங்கள் கொழுக்கட்டைக்கு அக்காள் மகள் முறை வரும். சர்க்கரை உள்ளே வைக்காமல் மேலே தூவியிருந்தது, அதுதான் வித்தியாசம்.

அது பிரிட்டிஷ் பேரரசரின் வெள்ளிவிழா முடிந்த மாதம். கடைத்தெருவில் கட்டிய தோரணங்கள் மழையில் சாயம் போய்த் தொங்கின. எனக்கு அவற்றில் அக்கறை இல்லை. அடுத்த வீட்டாருக்கோ வேறு ஒரு சங்கதியே உயிராக இருந்தது. அவர்களுடைய நாட்டில் அந்த வாரம் ஜனங்களிடம் வாக்குக் கேட்டிருந்தார்கள். புதிதாக எழுதிய அரசியல் சட்டத்தை ஏற்கிறீர்களா, மாட்டீர்களா என்பது கேள்வி. ஏற்றால் இப்போதே தங்கள் ஆட்சி, பத்து வருடம் கழித்து அமெரிக்கர்கள் முற்றாக வெளியேறி முழுச் சுதந்திரம். இதைப் பெனித்தோ எனக்கு இரண்டு தடவை விளக்கினார். பாடம் சொல்லித் தருகிற எனக்கே அவர் பாடம் சொல்வதுபோல் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். "பெண்களும் போட்டார்கள்" என்று பிலார் ஒவ்வொரு முறையும் நடுவில் சேர்த்துக்கொண்டாள்.

நான் வந்த நான்காம் நாள் மத்தியானம், தம்பி கந்தோர் வேலை முடிந்து சிங்கப்பூர் பத்திரிகையோடு வந்தான். தன் வீட்டுக்குள் வராமல் நேரே அடுத்த வீட்டுப் படியேறினான். நான் சன்னலில் நின்று பார்த்தேன். பெனித்தோ பனியனோடு வெளியே வந்து பத்திரிகையை வாங்கினார். ஒரு மூலையில் சின்னதாகத்தான் போட்டிருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் "ஆம்" என்று சொல்லிவிட்டார்கள். பெனித்தோ படியில் உட்கார்ந்துவிட்டார். பிலார் அவருக்குப் பின்னால் நின்று அந்தச் செய்தியை உரக்கப் படித்தாள். பிறகு தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். தம்பி முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் வந்த பிறகு அன்றுதான் கண்டேன். அது எனக்காக வந்ததல்ல என்பது கொஞ்சம் வலித்தது.

சாயங்காலத்துக்குள் மேட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு மலாய்த் தலைமை எழுத்தர் வந்து பெனித்தோவின் கையைத் தொட்டுத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, கடலுக்கு அப்பால் இருந்தாலும் நீங்களும் எங்கள் இனந்தானே, எங்களுக்கும் சந்தோஷம் என்றார். பிலாருக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிற சீனத் தையற்காரர் மட்டும் சந்தோஷப்படவில்லை. அமெரிக்கன் போனால் அந்த இடத்துக்கு ஜப்பான்காரன் வருவான், அவனை எங்கள் ஊரில் பார்த்துவிட்டோம் என்றார். தம்பியின் யாழ்ப்பாணத்துச் சிநேகிதர்கள் கிளப்பில் சீட்டாடிக்கொண்டே, பத்து வருடம் என்பதெல்லாம் பேச்சு, எந்த வெள்ளைக்காரன் தானாகப் போனான் என்று தீர்ப்புச் சொன்னார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்து வாத்தியக் குழுவின் பிலிப்பைன்காரர்கள் எல்லாரும் குடும்பத்தோடு பெனித்தோ வீட்டில் கூடினார்கள். வினிகரில் வெந்த கோழியும், மெல்லிய சேமியாவைப் போன்ற ஒன்றும் பெரிய தட்டுகளில் வந்தன. எனக்கெனத் தனியாக வாழைக்காய் பொரித்திருந்தாள் பிலார். சாப்பிட்ட பிறகு ஆண்கள் தங்கள் சொந்த வாத்தியங்களை எடுத்தார்கள். அரண்மனைக்கு வருகிற விருந்தாளிகளுக்காக எத்தனையோ நாட்டுக் கீதங்களை ஊதியிருக்கிறோம், எங்களுடையதை இந்த ஊரில் ஒரு நாளும் ஊதியதில்லை என்று பெனித்தோ என்னிடம் சொன்னார். ஊர்வலம் நடத்துகிறார்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாதென்று, டிரம்பெட்டின் வாய்க்குள் முகம் துடைக்கிற துண்டைத் திணித்துக்கொண்டார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். அடைபட்ட குரலில் அந்தக் கீதம் புறப்பட்டது. பெண்கள் எழுந்து நின்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் எழுந்தேன். நடு அடியில் ஒருவருக்கு உதடு நடுங்கி ஊத முடியவில்லை. மற்றவர்கள் அவருக்காக நிறுத்தாமல் முடித்தார்கள்.

நாற்காலிகளை ஒழுங்கு செய்கிறபோது பிலார் எல்லாருக்கும் கேட்கும்படி கணவரிடம் சொன்னாள்: "நாடு நம்முடையது ஆகட்டும், போவோம் என்று சொன்னீர்கள். ஆகிவிட்டது. எப்போது போகிறோம்?"

பெனித்தோ துண்டை உதறி மடித்தார். இன்னும் பத்து வருடம் இருக்கிறதே என்றார். பத்து வருடத்தில் எனக்கு ஐம்பது தாண்டிவிடும் என்றாள் பிலார். அங்கே தமக்கு வீடு இல்லை, அம்மா இல்லை, ஊதுவதற்கு வேலையும் இல்லை, பத்தொன்பது வயதில் விட்டுவந்த ஊரில் தம்மை யாருக்கும் அடையாளம் தெரியாது என்று அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். தம்பி எழுந்து வெளியே போனான்.

அன்று பாத்திரம் கழுவுகையில் பிலார் என்னைக் கேட்டாள், உங்கள் தீவில் பெண்களுக்கு வாக்கு உண்டா என்று. நான்கு வருடமாக உண்டு என்றேன். நனைந்த கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். யாருக்குப் போட்டீர்கள் என்றாள். இதுவரை போட்டதில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. முழுத் தன்னாட்சி தராத சட்டம் எங்களுக்கு வேண்டாமென்று யாழ்ப்பாணத்தில் அந்தத் தேர்தலையே பகிஷ்கரித்தோம், ஒருவரும் வேட்பாளராக நிற்கவில்லை, வாக்குச்சாவடியே திறக்கவில்லை என்று விளக்கினேன். பிறகு போன வருடம் ஒருவழியாகத் தேர்தல் வந்தபோது ஐயாவின் சாவீடு; முப்பத்தோராம் நாள் சடங்கு கழியாமல் நான் வாசல் படலையைத் தாண்டவில்லை. பிலார் ஒரு தட்டை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "உங்களைக் கேட்டா பகிஷ்கரித்தார்கள்?" என்றாள். நான் இல்லை என்றேன்.

அடுத்த சனிக்கிழமை தம்பி என்னைக் கோத்தா திங்கி அருவிக்கு வாடகைக் காரில் அழைத்துப் போனான். ஓட்டுநர் மணியம் கூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், முப்பது வயதுக்குள் இருக்கும். அன்னாசித் தோட்டங்களும் ரப்பர்க் காடும் மாறி மாறி வந்த செம்மண் ரோட்டில் அவர் பேசிக்கொண்டே ஓட்டினார். பிலிப்பைன்காரர் சங்கதி அவருக்கும் தெரிந்திருந்தது. காப்பிக் கடையில் அதே பேச்சாம்.

"அவங்க ஊருல ஓட்டுப் போட்டாங்க, சரி. இங்க இருக்கிற அந்தப் பேண்டுக்காரங்க போட்டாங்களா, ஐயா?" என்று தம்பியைக் கேட்டார்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இல்லை என்றான் தம்பி.

"அதான் கேட்டேன். எங்கப்பா சேலம். அந்த ஊர நான் பாத்ததே இல்ல. பொறந்தது இங்க தோட்டத்துல, இங்க கேட்டா நீ இந்தியாக்காரன்னு சொல்றாங்க. நாளைக்கு எங்களையும் கேக்கணும்னு யாராச்சும் நெனச்சாலும், எந்த ஊருப் பொட்டியில போய்ப் போடச் சொல்லுவாங்க?"

அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கொஞ்ச தூரத்தில் காரின் முன்பக்கத்திலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. தண்ணீர் கொதித்துவிட்டது என்று மணியம் இறங்கி, ஒரு தகரத்தை எடுத்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே தெரிந்த தோட்டத்து லயன் வீடுகளைப் பார்த்து நடந்தார்.

நாங்கள் இருவரும் ரோட்டோரம் ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்தோம். நான் வந்து பத்து நாளாகியும் இப்படித் தனியாக உட்கார்ந்ததில்லை. தம்பி காலடியில் கிடந்த ரப்பர் விதைகளை ஒவ்வொன்றாக ரோட்டுக்கு எறிந்தான். பிறகு என்னைப் பாராமல் கேட்டான்: "ஐயா கடைசியிலை என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

சொன்னார் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்கான சொற்களைக் கப்பலிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிலார் கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகு அது என் வாயில் வரவில்லை.

நான்கு வருடத்துக்கு முன் பகிஷ்காரம் நடந்தபோது, ஓய்வு பெற்ற தபாலதிபரான எங்கள் ஐயாவைத்தான் எங்கள் பகுதி வாலிபர்கள் தலைமைக்கு வைத்திருந்தார்கள். அதைக் கேள்விப்பட்டுத் தம்பி இங்கிருந்து ஒரு கடிதம் எழுதினான். கைக்கு வந்ததை வீசிவிட்டு வராததற்குக் காத்திருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தான். அக்காவுக்குக் கிடைத்த உரிமையை அக்காவைக் கேட்காமலே எறிகிறீர்கள் என்றும் எழுதியிருந்தான். ஐயாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்த காலம் அது. கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன். அது வந்த சமயம் பகிஷ்காரக்காரர் பத்துப் பன்னிரண்டு பேர் எங்கள் விறாந்தையில் இருந்தார்கள். மகன் என்ன எழுதுகிறான், வாசி, எல்லாரும் கேட்கட்டும் என்றார் ஐயா, பெருமையாக. முதல் நாலு வரி பார்த்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தலையிடி என்று சொல்லியிருக்கலாம். சுகம் விசாரித்திருக்கிறான் என்று சொல்லி மடித்திருக்கலாம். நான் ஒரு எழுத்து விடாமல், பள்ளிக்கூடத்துக் குரலில், கடைசிக் கையெழுத்து வரை வாசித்தேன்.

இதையெல்லாம் தம்பிக்குச் சொன்னேன். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனதையும், இனி அவனுக்குத் தன் பெயரில் கடிதம் போகாது என்று ஐயா சொன்னதையும் சொன்னேன். "உன்ரை கருத்துக்காக அவர் கோபிக்கேல்லை, தம்பி. சபையிலை கேட்க வைச்சதுதான் அவராலை தாங்க ஏலாமல் போச்சு. அது நான் செய்தது."

விதை எறிவதை அவன் நிறுத்திவிட்டான்.

"ஏன் வாசிச்சனீங்கள்?"

"எனக்கும் அதுதான் சொல்ல இருந்தது. எனக்கு வாய் வரேல்லை. நீ எழுதியிருந்தாய்."

மணியம் தண்ணீர்த் தகரத்தோடு வந்துவிட்டார். கூடவே ஒரு தோட்டத்துப் பெண் ஒரு செம்பில் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எந்த ஊரு, எத்தனை பிள்ளைங்க என்று விசாரித்துவிட்டுப் போனாள். அருவி அழகாகத்தான் இருந்திருக்கும். நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. தம்பி பாறை ஒன்றின்மேல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். திரும்புகையில் ஆற்றோரக் கடையில் எனக்கு மட்டும் காப்பி வாங்கித் தந்தான். அதன்பின் மூன்று நாள் அவன் என்னோடு பேசவில்லை. வேலைக்குப் போவான், வருவான், சாப்பிடுவான், கதவைச் சாத்துவான். ஐயா அவனோடு பேசாதிருந்தது எப்படி இருந்திருக்கும் என்று அந்த மூன்று நாளில் எனக்கு விளங்கிற்று.

அந்த வாரம் பிலாருக்கு அவள் தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு வரி படித்து ஒரு வரி மொழிபெயர்த்தாள். தங்கை விடியற்காலையே ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு புறப்பட்டுப் போனாளாம். வரிசையில் மீன்காரியும் டாக்டரின் மனைவியும் ஒன்றாக நின்றார்களாம். "ஆம்" என்று எழுதுகையில் பென்சில் முனை ஒடிந்துவிட்டதாம். வாக்குக் கெட்டுவிடுமோ என்று பயந்து அவள் அழத் தொடங்க, அதிகாரி வேறு பென்சில் கொடுத்தாராம். பிலார் அந்த இடத்தை மட்டும் மறுபடி மறுபடி படித்தாள். எனக்கோ, அந்த ஒடிந்த பென்சில்கூட வாய்க்கவில்லையே என்று மனம் ஏங்கியது.

அன்று மாலையே அவள் முடிவெடுத்துவிட்டாள். பெனித்தோவின் ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று வருடம் இருந்தது. "நான் முதலில் போகிறேன். பத்து வருடம் ஒரு கூரை போடப் போதும். ஒப்பந்தம் முடிந்து நீங்கள் வரும்போது, உங்களை யாரென்று சொல்ல நான் அங்கே இருப்பேன்" என்றாளாம். பெனித்தோ இரண்டு நாள் மறுத்தார். மூன்றாம் நாள் தானே அவளுடைய பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கி வந்தார்.

நான் புறப்பட வேண்டிய கப்பலும் அதே வாரத்தில் அமைந்தது. அவள் கிழக்கே, நான் மேற்கே. தம்பி வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற உரிமையை அந்த ரப்பர் மரத்தடியிலேயே விட்டுவிட்டதாக எனக்குத் தோன்றியது. நால்வரும் ஒரே ரயிலில் சிங்கப்பூர் போனோம். வண்டி அணையைத் தாண்டுகையில் பிலார் ஜொகூர்க் கரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபது வருடம் இங்கே கிடந்து அந்த ஊரை நினைத்தேன், இனி அங்கே கிடந்து இந்த மேட்டை நினைப்பேன் போலிருக்கிறது என்றாள். பெனித்தோ அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் கொக்கியைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தார்.

அவளுடைய கப்பல் முதலில் புறப்பட்டது. குழுவிலிருந்து ஒருவரும் வரவில்லை. அன்று அரண்மனையில் விருந்து, பெனித்தோவே அரைநாள் விடுப்பில்தான் வந்திருந்தார். பிலார் என்னை முத்தமிட்டு, அடுத்த தேர்தலில் யார் செத்தாலும் போய் நில்லுங்கள் என்றாள். கப்பல் நகர்ந்த பிறகு பெனித்தோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எங்களிடம் சொல்லிக்கொண்டு, கரையோரமாக வேகமாக நடந்து போனார். அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு மறுநாள் காலை. தம்பி துறைமுகத்தில் என் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தான். படகில் ஏறுகிற படியருகே பெட்டியை வைத்துவிட்டுச் சொன்னான்: "வாற வருஷம் மூண்டு மாச லீவு கேட்டிருக்கிறன். வருவன். அம்மாட்டைச் சொல்லுங்கோ. ஆனால் திரும்பிப் போயிடுவன், அக்கா. அதையும் சொல்லுங்கோ."

தேர்தலுக்கு வாவன் என்றேன்.

அவன் சிரித்தான். "கந்தோரிலை விசாரிச்சனான். அங்கை குடியிருக்கிற ஆக்களுக்குத்தானாம் வாக்கு. எனக்கு அங்கையும் இல்லை, இங்கையும் இல்லை. மணியம் கேட்டதுக்கு அதுதான் மறுமொழி." பெட்டியை என் பக்கம் நகர்த்தி, "நீங்கள் போய்ப் போடுங்கோ. ஆருக்கெண்டு எனக்கு எழுத வேண்டாம்" என்றான்.

படகுக்காரர் அவசரப்படுத்தினார். நான் இறங்கினேன். படகு கப்பலை நெருங்கும்வரை தம்பி அங்கேயே நின்றான். வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு நின்றதால், அவன் முகம் எனக்குத் தெரியவில்லை.